திசை திரும்பும் வாயில்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தொடரும் தோல் தொழில் ஊர்கள், உலகச் சந்தையோடு உறவு கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடப்பட்ட அரைப்பதத் தோல், சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாகக் கப்பலேறி இலண்டன் சந்தையில் ஏலம் போன காலத்தில், சரக்குதான் கடல் கடந்தது. மனிதர்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணி மேற்பாகங்களையும் ஊக்குவித்தபோது இயந்திரங்களுக்குப் பெருமுதல் தேவைப்பட்டது. அதே பத்தாண்டில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்பும் பெருகியதால், இவ்வூர்களின் முஸ்லிம் இளைஞர்கள் கணக்கர்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் ஓட்டுநர்களாகவும் பின்னர் பொறியாளர்களாகவும் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் செல்லத் தொடங்கினார்கள்.

அவ்வாறு சென்றவர்கள் அங்கே காணும் பள்ளிவாசல்களுள் துபாயின் சத்வா பகுதியில் உள்ள ஈரானியப் பள்ளிவாசல் தனித்து நிற்கிறது. முகப்பும் குவிமாடமும் மினாராக்களும் நீல ஓடுகளால் போர்த்தப்பட்டு, அவ்வோடுகளின் மேல் கொடியும் பூவும் திருமறை எழுத்துகளும் படர்ந்திருக்கும் இக்கட்டடம், சுண்ணாம்பு பூசிய வெண்சுவர்களையும் பச்சைக் கம்பிக் கதவுகளையும் பள்ளிவாசலின் இயல்பாகக் கண்டு வளர்ந்த ஆம்பூர்க்காரருக்குப் புதியது. எனினும் பாரசீகப் பண்பாடு அவருக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகமே அரசவை மொழியாக இருந்தது. 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்தபின், அவர் மகன் முகம்மது அலி வாலாஜா நெடுங்காலம் ஆண்டார்; அக்குடும்பத்தாரால் 1795-இல் திருவல்லிக்கேணியில் கருங்கல்லால் கட்டப்பட்டதே வாலாஜா பெரிய பள்ளிவாசல். அதன் மிஹ்ராபில், அதாவது மக்காவின் திசையைக் காட்டும் சுவர் மாடத்தில், பொறிக்கப்பட்ட பாரசீகச் செய்யுளை இயற்றியவர் நவாபின் செயலாளராக இருந்த ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்து. எழுத்துகளுக்குரிய எண்மதிப்பைக் கூட்டினால் கட்டட ஆண்டு கிடைக்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலுக்கும் புனித யோவான் தேவாலயத்துக்கும் அண்மையில் நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பள்ளிவாசலும் நவாபுகள் காலத்ததே. இன்று அது தொல்லியல் துறையின் பொறுப்பில், தொழுகையின்றி இருக்கிறது. இவ்வாறு வட ஆற்காட்டுப் பகுதிக்குப் பாரசீகம் எழுத்தாகவும் கவிதையாகவும் அலுவல் வழக்காகவும் வந்து சேர்ந்ததேயன்றி, அதன் ஓட்டுக்கலை வந்து சேரவில்லை. ஊரில் பாதி அறிந்த ஒரு மரபின் மறுபாதியைப் புலம்பெயர்ந்தவர் வளைகுடாவில்தான் காண்கிறார்.

அம்மரபின் உச்சங்களுள் ஒன்று ஈரானின் இஸ்பகான் நகரில் உள்ள ஷா பள்ளிவாசல். 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இது இமாம் பள்ளிவாசல் என்று அழைக்கப்படுகிறது. சபவி மரபின் மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598-இல் தலைநகரை இஸ்பகானுக்கு மாற்றி, நக்ஷே ஜஹான் என்னும் மிகப் பெரிய சதுக்கத்தை அமைத்தார். சுமார் 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட அச்சதுக்கத்தின் மேற்கே அலி காபு அரண்மனையும், கிழக்கே அரச குடும்பத்துக்குரிய ஷேக் லுத்புல்லா பள்ளிவாசலும், வடக்கே கைசரியா கடைத்தெருவின் நுழைவாயிலும் அமைய, தெற்கு முனையில் ஷா பள்ளிவாசலின் கட்டுமானம் 1611-இல் தொடங்கியது. நுழைவாயிலின் எழுத்துப் பட்டையை எழுதியவர் புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் அலி ரெசா அப்பாசி. கட்டடக் கலைஞர் அலி அக்பர் இஸ்பகானி. 1629-இல் மன்னர் இறந்த காலத்தையொட்டியே வேலைகள் நிறைவை எட்டின.

இக்கட்டடத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ள அதன் தரைப்படமே போதும். சதுக்கம் ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீண்டிருக்க, இஸ்பகானிலிருந்து மக்கா தென்மேற்கே உள்ளது. வாயில் சதுக்கத்துக்கு நேராக இருந்தால் தொழுகைக்கூடம் கிப்லாவிலிருந்து, அதாவது தொழுகைத் திசையிலிருந்து விலகும். தொழுகைக்கூடத்துக்கு ஏற்ப வாயிலைத் திருப்பினால் கடைத்தெரு வாயிலுக்கு நேரெதிரே நிற்க வேண்டிய முகப்பு கோணலாகிவிடும். கட்டியவர்கள் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. வாயிலைச் சதுக்கத்துக்கு நேராக எழுப்பி, அதன் பின்னால் ஓர் இடைகழியை அமைத்து, உள்ளே வருபவர் ஏறத்தாழ 45 பாகை திரும்பி முற்றத்தை அடையுமாறு செய்தார்கள். சதுக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு வாயிலும் அதன் பின்னுள்ள பெரிய குவிமாடமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாதது தெளிவாகத் தெரியும். அதை மறைக்க எந்த முயற்சியும் செய்யப்படவில்லை.

திரும்பி நுழைந்தபின் விரியும் முற்றம் நான்கு ஈவான் அமைப்பைச் சேர்ந்தது. ஒரு பக்கம் முழுதும் திறந்து, மற்ற மூன்று பக்கங்களும் சுவராகி, மேலே வளைகூரை கொண்ட உயர்ந்த மண்டபமே ஈவான். முற்றத்தின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக நான்கு நிற்க, கிப்லாப் பக்கத்து ஈவானுக்குப் பின் குவிமாடக் கூடம் எழுகிறது. 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த அக்குவிமாடம் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு கூடுகளைக் கொண்டது: வெளிக்கூடு தொலைவிலிருந்து காண்பவருக்காக ஓங்கி நிற்க, உட்கூடு உள்ளே தொழுபவரின் கண்ணளவுக்கு ஏற்பத் தாழ்ந்திருக்கிறது. நுழைவாயிலின் மேற்குழிவில் தேன்கூட்டின் அறைகள்போல் அடுக்கடுக்காகத் தொங்கும் அலங்காரம் முகர்னஸ் எனப்படும்.

ஓட்டுவேலையில் இரண்டு முறைகள் இங்கே அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. பழைய முறையான முஅர்ரக்கில், ஒவ்வோர் ஓடும் ஒரே நிறத்தில், அந்நிறத்துக்கு உகந்த வெப்பத்தில் சுடப்பட்டு, பின்னர் உளியால் சிறுசிறு வடிவங்களாக வெட்டப்படுகிறது. துண்டுகள் முகம் கீழாக அடுக்கப்பட்டு, முதுகில் சாந்து ஊற்றிப் பலகையாக்கப்படுகின்றன. தோலின் கீறலையும் உண்ணி கடித்த வடுவையும் தவிர்த்து, காலணி மேற்பாகத்தின் அச்சுகளை அதன்மேல் இடம்மாற்றி இடம்மாற்றி வைத்து வெட்டும் ஆம்பூர்த் தொழிலாளியின் கைவேலைக்கு இது நெருங்கிய உறவினது. இரண்டிலும் சேதாரத்தைக் குறைப்பதே திறமைக்கு அளவுகோல். ஷா பள்ளிவாசலின் நுழைவாயில் முஅர்ரக் முறையில் அமைந்தது. உள்ளே பரந்த சுவர்களை விரைவாக மூட வேண்டியிருந்ததால் ஹஃப்த் ரங்கி, அதாவது ஏழுநிற முறை, கையாளப்பட்டது: ஒரே ஓட்டின்மேல் பல நிறங்களைத் தீட்டி, அவை ஒன்றோடொன்று கலக்காதிருக்க இடையே எண்ணெய்ப்பசை கொண்ட கருங்கோடு வரைந்து, ஒரே சூட்டில் சுட்டெடுப்பார்கள். காலமும் செலவும் மிச்சமாயின. எல்லா நிறங்களுக்கும் ஒரே வெப்பம் என்பதால் நிறங்களின் ஆழம் சற்றே குறைந்தது.

இந்த ஓட்டுமரபைத் துபாய்க்குக் கொண்டுவந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானிய அரசு தன் தென்கரைத் துறைமுகமான லிங்காவில் சுங்கத்தை இறுக்கியபோது, துபாய் ஆட்சியாளர் ஷேக் மக்தூம் பின் ஹஷர் வரிவிலக்கு அளித்து வணிகர்களை வரவேற்றார். பஸ்தக் முதலிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் கடற்கழியோரம் மனை பெற்று, காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக்கோபுரங்களோடு வீடுகள் எழுப்பிய பகுதியே பஸ்தகியா. அவர்களுள் சுன்னிகளும் ஷியாக்களும் இருந்தனர். ஈரானியப் பள்ளிவாசல் என்று இன்று அழைக்கப்படுவது ஷியா மரபைச் சார்ந்தது. தோல் ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் சுன்னிகளாதலின், அவர்கள் அதன் அழகை வெளியிலிருந்து கண்டு, தொழுகைக்குத் தம் குடியிருப்பை அடுத்த பள்ளிவாசலுக்கே செல்வது வழக்கம்.

வேலூர் வட்டாரத்தில் மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பித் தொழுதவர், துபாயில் மேற்கிலிருந்து சற்றே தெற்காகத் திரும்ப வேண்டும். மற்ற மாற்றங்கள் இதைவிடப் பெரியவை. ஊரில் உருதுவிலோ தமிழிலோ கேட்ட வெள்ளிக்கிழமைப் பயான், அதாவது சமய உரை, அங்கே பெரும்பாலும் அரபியில் ஒலிக்கிறது. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி வெள்ளியை அரைநாள் வேலைநாளாக்கியதால், ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும் அலுவலகமும் ஒரே நாளைப் பங்கிட்டுக்கொண்டன. ரமலானில் தேரா பகுதியில் தமிழ் அமைப்புகள் காய்ச்சி வழங்கும் நோன்புக் கஞ்சிக்கு அலுவலகம் விட்ட கையோடு வரும் கூட்டத்தில், கணக்கரும் ஓட்டுநரும் கடை முதலாளியும் ஒரே விரிப்பில் அமர்கிறார்கள். அங்கே பேச்சு ஊர்ப் பெண்ணின் நிக்காஹ், பள்ளிவாசல் கட்டட நிதி, அண்ணன் மகனின் கல்லூரிக் கட்டணம் என்று பாலாற்றங்கரைக்கே திரும்புகிறது.

முன்னர் வந்த ஈரானிய வணிகர்களுக்கு நிலமும், அவர்களுள் பலருக்குக் காலப்போக்கில் குடியுரிமையும் கிடைத்தன. ஆகவே தம் ஊரின் சாயலை ஓட்டிலும் கோபுரத்திலும் நிலையாகப் பதிக்க அவர்களால் முடிந்தது. எழுபதுகளுக்குப் பின் வந்த தமிழரின் இருப்போ விசாவின் கால எல்லைக்கு உட்பட்டது. முப்பதாண்டு உழைத்தவரும் ஓய்வுபெற்றால் ஊருக்குத் திரும்புவதே பொதுவிதியாக இருந்தது. 2019-இல் வந்த நீண்டகாலத் தங்கும் விசாவும் எல்லோருக்கும் எட்டக்கூடியதன்று. கட்டடம் எழுப்ப இயலாத ஒரு சமூகம் தன் அடையாளத்தைக் கஞ்சி வரிசையிலும், மாதச் சந்தாவிலும், ஊர் ஜமாஅத்துக்கு, அதாவது பள்ளிவாசல் சபைக்கு, அனுப்பும் தொகையிலும் வைத்துக்கொண்டது. பிழைப்பு ஒரு திசையிலும் பிணைப்பு வேறொரு திசையிலும் இருக்கையில் இரண்டையும் வெட்டாமல் இணைக்கும் இடைகழியை இஸ்பகானின் கலைஞர்கள் செங்கல்லால் கட்டினார்கள் என்றால், இவர்கள் அதை நேரத்தாலும் பணத்தாலும் கட்டியிருக்கிறார்கள்.

கட்டடங்களை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு இந்த உழைப்பைக் காணாது போகும். அமைப்புகளின் சந்தாப் பதிவேடுகளும், கஞ்சிக்கான வரவு செலவுக் குறிப்புகளும், ஊர் ஜமாஅத்துகளின் இரசீதுப் புத்தகங்களும் இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் முதல் தலைமுறை ஊர் திரும்பிவிட்டது, இரண்டாம் தலைமுறை துபாயில் பிறந்து ஆம்பூரை விடுமுறைக்குச் செல்லும் ஊராக அறிகிறது. வாலாஜா பள்ளிவாசலின் ஆண்டைச் செய்யுளில் பொதிந்து வைக்க ஒரு மக்கன்லால் கிடைத்தார். வளைகுடாத் தமிழரின் ஆண்டுகளைப் பதிவுசெய்ய வேண்டிய பொறுப்பு, அப்பதிவேடுகளைத் தொகுக்க முன்வரும் அச்சமூகத்தாரிடமே இருக்கிறது.