குட்டி யானைக்கு என்ன வயசு?

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடிப்பது அங்கே வழக்கம். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார்.

"பார்த்தீங்களா மாமா, வண்டி பழசானா என்ன? ஓடுதில்ல?" என்றான் மச்சான், தேரடியைக் காட்டி.

"தேரை இழுக்க கவர்னர் வருவார். உன் வண்டி நின்னா நான்தானே தள்ளணும்!" என்றேன்.

விஷயம் இதுதான். மச்சான் வாடகை வண்டியில் காய்கறி லோடு அடிக்கிறான். சொந்தமாக ஒரு பழைய குட்டி யானை வாங்க ஆசை. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம்ம ஜனங்கள் வைத்த பெயர் அது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., முக்கால் டன் பாரம். முதலீடு? அவன் மனைவியின் கழுத்தில் இருக்கும் நாலு சவரன் செயின். நான் பி.காம். படித்தவன் என்பதால் 'ஆடிட்டர்' பதவி எனக்கு.

முதல் வண்டி வில்லியனூரில், ஒரு புரோக்கர் வீட்டு வாசலில். புது பெயின்ட், பளபளப்பு. மீட்டரில் 68,000 கிலோ மீட்டர். கூட வந்த மெக்கானிக் அண்ணன் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து, தாத்தாவின் செருப்பு மாதிரி வழவழவென்று இருந்தது.

"மீட்டரைத் திருப்பலாம் தம்பி. பெடலைத் திருப்ப முடியாது."

அடுத்து சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த இன்ஜினைத் தொட்டார். சூடு! நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். "சூடான இன்ஜின் யாரு சாவி போட்டாலும் எடுக்கும். காலையில முதல் ஸ்டார்ட்டைப் பார்க்கணும்" என்றார். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் விடியற்காலை பாகூர். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்து சேரும் பெரிய ஏரி, சுற்றிலும் நெல் வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சும்மாவா சொல்கிறார்கள்! இங்கே வண்டிக்காரர் ஒரு விவசாயி. 2012 மாடல். "2 லட்சத்து 40 ஆயிரம் ஓடியிருக்கு. மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

ஆறின இன்ஜின். இரண்டாவது முயற்சியில் எடுத்தது. லேசாக வெள்ளைப் புகை வந்து அடங்கியது. நீலப் புகை இல்லை. அது வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தமாம். அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார். கொஞ்சம்தான் காற்றடித்தது. கடலோர ஊர் ஆயிற்றே, வண்டிக்கடியில் படுத்து சேஸிஸில் துரு, வெல்டிங் என்று விரலால் தடவினார்.

"பத்து மூட்டைக்கு மேல ஏத்தினதே இல்லீங்க" என்றார் விவசாயி. 75 கிலோ மூட்டை பத்து என்றால் கணக்கு சரிதான்.

"போன தை மாசம் பதினெட்டு ஏத்தினியே!" என்று உள்ளேயிருந்து வந்தது அவர் மனைவியின் குரல்.

பின்பக்கப் பட்டைகள் நிமிர்ந்து கிடந்ததன் ரகசியம் புரிந்தது. அந்த ஒரு வார்த்தையில் விலை பத்தாயிரம் இறங்கி 1,10,000-க்கு வந்தது. அந்த அம்மாளுக்கு நான் மனசுக்குள் போட்ட கும்பிடு உங்களுக்குத் தெரியாது.

ஆனால், சிக்கல் ஆர்.சி.யில் இருந்தது. கடன் கட்டி முடித்து வருஷக்கணக்காகியும் பைனான்ஸ் பெயர் நீக்கப்படவில்லை. இதே பாகூரில்தான், 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதிக் கொடுத்த செப்பேடு கிடைத்தது. பத்திரம் பக்கா என்றால் ஆயிரம் வருஷம் கழித்தும் பேசும். "படிவம் 35 வாங்கி பெயரை எடுத்துட்டு வாங்க, மிச்சத்தைப் பேசுவோம்" என்று ஐயாயிரம் மட்டும் அட்வான்ஸ் கொடுத்தோம்.

டீக்கடையில் கணக்குப் போட்டேன். எட்டு வயசு தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. பதினைந்து தாண்டினால் கட்டணமே மிரட்டும். 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். ஆக, இந்த வண்டிக்கு நிம்மதியான ஆயுள் சுமார் இரண்டு வருஷம்தான். விலையும் ரிப்பேரும் சேர்த்து 1,40,000. கடைசியில் 50,000-க்குப் போனால், தேய்மானம் மாசம் 3,750. இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர் என்று அதை இரட்டிப்பாக்கினாலும் 7,500. மச்சான் இப்போது வாடகை வண்டிக்கு அழுவது அதைப்போல இரண்டு பங்கு!

"அப்ப வாங்கலாமா மாமா?"

"வாங்கலாம். ஆனா மாசாமாசம் மிச்சத்துல முதல் பங்கு செயினை மீட்க. அப்புறம்தான் ஸ்பீக்கர், சீட் கவர் எல்லாம். பத்து மூட்டைக்கு மேல ஏத்தினா நான் வீட்டுல சொல்லிடுவேன்."

மூன்று வாரத்தில் ஆர்.சி. சுத்தமாகி வந்தது. செயின் அடகுக்குப் போனது. பாகூரிலிருந்து முதல் லோடு வரும் நாளில் நான் வில்லியனூர் தேரடியில் காத்திருந்தேன். தூரத்தில் தெரிந்த வண்டி, சரியாகத் தேருக்கு எதிரே வந்து நின்றுவிட்டது.

விதியை நொந்தபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்கு ஓடினேன்.

"எங்க மாமா ஓடறீங்க? கற்பூரம் ஏத்தத்தான் நிறுத்தினேன்!"