பாட்டியின் ஆர்.டி.யும் பேரனின் கிராஃபிக்ஸ் கார்டும்

என் மனைவி 2018 ஆகஸ்டில் பேரன் படிப்புக்கென்று தபால் ஆபீசில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போட்டாள். ஐந்து வருடக் கணக்கு. முதிர்ந்தபோது அவள் இல்லை. கடைசித் தவணைகளை நான்தான் கட்டினேன். வட்டியோடு 71,000 ரூபாய்ச் சொச்சம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சொல்லிவிட்டாள்: "படிப்புக்கு அவன் அப்பா இருக்கான். இந்தப் பணத்துல அவனுக்குப் பிடிச்சதை வாங்கிக்கட்டும். நீங்க நடுவுல புகுந்து குட்டையைக் குழப்பாதீங்க."

பேரனுக்குப் பிடித்தது கேம் விளையாடும் கம்ப்யூட்டர். அதுவும் பாகம் பாகமாக வாங்கி, வீட்டில் தானே அசெம்பிள் செய்ய வேண்டுமாம். என் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அம்மா சேர்த்த பணத்தை விளையாட்டுல போடணுமாப்பா?" என்றான். அம்மாவே சொன்னதுதான் என்றதும் அடங்கினான்.

நம் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரண மானிட்டர் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்துக்கு மேல். விளையாட்டில் காட்சி அசையும்போது விநாடிக்கு 60 தடவை இத்தனை புள்ளிக்கும் நிறம் கணக்குப் போட வேண்டும். அந்த வேலைக்கென்றே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். பேரன் தேர்ந்தெடுத்த ரைசன் 5 5600 பிராசஸரில் படம் காட்டும் பகுதியே கிடையாது. கார்டு இல்லாவிட்டால் திரையில் இருட்டுதான்.

ஒரு நோட்டில் மூன்று கார்டுகளை எழுதி வைத்திருந்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. எண் பெரிது என்பதால் 6600தான் உசத்தி போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி எண் வேறு. 3060 என்றால் 30 தலைமுறை, 60 அதில் நடுத்தர ரகம். 4060 அதற்கடுத்த தலைமுறை, 2023 ஜூனில்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பழைய 3060இல் 12 ஜிபி நினைவகம், புதிய 4060இல் 8 ஜிபிதான். ஆனால் 4060க்கு ஒரு வித்தை தெரியும். இரண்டு காட்சிகளுக்கு நடுவே இல்லாத ஒரு காட்சியைத் தானே உண்டாக்கிச் செருகும். மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குகிற மாதிரி! அவனுக்கு அதன் மேல்தான் கண்.

நான் மின்வாரியத்தில் 34 வருடம் இருந்தவன். வாட் கணக்கை விடுவேனா? 3060க்கு 170 வாட், 4060க்கு 115, 6600க்கு 132. தினம் மூன்று மணி நேரம் விளையாடினாலும் முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாத பில்லில் பத்து யூனிட்கூட வராது. அதனால் கரண்ட் பில்லைப் பார்த்துக் கார்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் மலிவான எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அது பழுதானால் சில சமயம் மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்றும் கேட்டேன். ஒரு தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போடுமுன் அங்கே லோடு எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்போம். "உன் லோடு என்னடா?" அவனுக்குப் புரியவில்லை. "எந்தத் திரையில விளையாடப் போற?" என்றேன். அப்பா வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்த்த பழைய மானிட்டர்தான். விநாடிக்கு 60 காட்சிக்கு மேல் அதனால் காட்ட முடியாது. கார்டு 140 காட்சி வரைந்தாலும் கண்ணுக்கு வருவது 60தான். பையன் நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டான். மனைவி சொன்னதை மீறிக் குட்டையைக் குழப்பிவிட்டேனோ என்று தோன்றியது. மறுநாள் பார்த்தால் 6600க்கு நேரே டிக் போட்டிருந்தான்.

ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் போனோம். எழுபதுகளில் ரேடியோ பாகம் வாங்க நான் அலைந்த இடம். இப்போது போர்டெல்லாம் மாறிவிட்டது, நெரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் 3060 காட்டினார்கள். புதிய 6600ஐவிட நாலாயிரம் குறைவு, ஆனால் பில் கிடையாது. எத்தீரியம் என்கிற கிரிப்டோ காசுக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் இப்படி நிறைய வந்ததாம். 2022 செப்டம்பரில் அந்தக் காசின் முறையே மாறி, கார்டு வைத்துத் தோண்டும் வேலை நின்றுபோக, எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டன. எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. விலையும் ஆசை காட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனே கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "வேண்டாம் தாத்தா. பாட்டி பணத்துல வாங்குறது, பில் இருக்கணும்."

அடுத்த கடையில் புது 6600, மூன்று வருட வாரண்டியோடு, ஜி.எஸ்.டி. சேர்த்து இருபத்தோராயிரத்தை ஒட்டி வந்தது. 4060 என்றால் இன்னும் ஒன்பதாயிரம் ஆகியிருக்கும். அந்த வித்தியாசத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஒரு யு.பி.எஸ்.ஸும் வாங்கினோம். ஐப்பசி மழை வரப்போகிறதே!

அசெம்பிள் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. வீட்டில் டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் கேபினட்டுக்குள் கார்டை இறக்கினான். சில கார்டு ஒரு அடி நீளம் இருக்கும், இது அவ்வளவு இல்லை. சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. மகன்தான் பின்னால் குனிந்து பார்த்து, மதர்போர்டில் சொருகியிருந்த கேபிளைப் பிடுங்கிக் கார்டில் சொருகினான். படம் வந்தது. விளையாட்டு வேண்டாம் என்றவன் அன்று ராத்திரி பத்தரை வரை பையன் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டினான்.

மீதி ஆயிரத்து எண்ணூறு ரூபாய் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பேரன் இப்போது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று ஏதோ பேச ஆரம்பித்திருக்கிறான்.