கேப்பர் ஹவுஸ்: ஹோட்டலாக இருந்த வீடு, மகளிர் கல்லூரியான கதை!

சென்னை மெரினாவில் காமராஜர் சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சேரும் முனையில் இருக்கிறது ராணி மேரி கல்லூரி. அந்த வளாகத்துக்குள் போய், 'கேப்பர் ஹவுஸ் எங்கே?' என்று கேட்டால் யாராலும் கைகாட்ட முடியாது. அது நின்ற இடத்தில் இப்போது இருப்பது 'கலைஞர் மாளிகை'. ஆனால், இந்தக் கல்லூரி பிறந்ததே அந்தப் பழைய வீட்டில்தான்!

கர்னல் பிரான்சிஸ் கேப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் கடற்கரை வீடு அது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு, 'மெரினா' என்று பெயர் வைத்ததற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே அங்கே இருந்தது. பிற்பாடு கைமாறி, 'கேப்பர் ஹவுஸ் ஹோட்டல்' ஆனது.

1914-ல் சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரிக்கு இடம் தேடியபோது, அரசுக்குக் கிடைத்தது இந்தக் கட்டடம். விருந்தினர்கள் தங்கிப்போன அறைகள், வகுப்பறைகள் ஆயின. முதல்வராக வந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்த டோரதி டி லா ஹே. கொஞ்சம் மாணவிகளோடு தொடங்கியவர், 1936 வரை, 22 வருடங்கள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1917-ல்தான் 'ராணி மேரி' என்ற பெயர் வந்தது.

பெண்ணுக்குக் கல்யாணம்தான் எல்லாம் என்றிருந்த காலம். தலச்சேரியிலிருந்து படிப்புதான் வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தார் ஒரு பெண். பின்னாளில் கோயம்புத்தூர் ஆய்வு நிலையத்தில் கரும்பு ஆராய்ச்சி செய்து, உலகப்புகழ் பெற்ற தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்தான் அவர்.

2003-ல் கல்லூரியை இடித்துவிட்டு, அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டத் திட்டம் வந்தது. மாணவிகள் விடவில்லை. வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். விவகாரம் கோர்ட் வரை போய், கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி தப்பித்தது.

எல்லாம் ஆரம்பித்த அந்த முதல் வீடு மட்டும் தப்பவில்லை. உப்புக்காற்றிலும் பராமரிப்பின்மையிலும் பலமிழந்து, இடிக்கப்பட்டது. வேறு வழியே இல்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. இதே சாலையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பழுதுபார்த்து நிமிர்த்த முடிந்ததே!

வளாகத்தில் பென்ட்லண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று இன்னும் சில 'ஹவுஸ்'கள் உண்டு. பெயரைப் பார்த்து யாரோ குடியிருந்த பங்களாக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கேப்பர் ஹவுஸில் இடம் போதாமல், கல்லூரிக்காகவே பிறகு கட்டியவை அவை.