முன்பாரமும் பின்பாரமும்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போகும் வீதி, துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. சீனன்குடா, கிண்ணியா, உப்பாறு, கங்கை என்று ஊரும் நீரும் மாறி மாறி வரும். ஒரு காலத்தில் நீர்த்துறைகளில் இழுவைப் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அல்ஹம்துலில்லாஹ், இன்று கிண்ணியாவில் ஏற்றும் சாமான் எங்கும் இறங்காமல் மூதூர் வாசலில் போய் இறங்குகிறது.

அந்த வீதியில்தான் என் சகோதரியின் மகள் குடிமாறினாள். உழவு மெஷினில் பெட்டியைக் கொழுவி, அலுமாரி, கட்டில், தையல் மெஷின், நான்கு அரிசி மூட்டை எல்லாம் ஏற்றினோம். "அரிசியைக் கடைசியில் வையுங்கள். போனவுடன் முதலில் இறக்கிச் சமைக்கலாம்" என்று யோசனை சொன்னவன் நான்தான். அலுமாரியும் பின்னால் போனது. முன்பக்கத்தில் தலையணைகளும் பாய்களும் கிடந்தன. அவற்றின் மேல் மருமகளின் இரண்டு பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். துஆ ஓதிப் புறப்பட்டோம். நானும் மச்சானும் பின்னால் முச்சக்கர வண்டியில் வந்தோம்.

மூதூரை நெருங்கி, மணல் ஒழுங்கையொன்றில் திரும்பி, சிறிய மதகு ஒன்றில் ஏறும்போது மெஷினின் பின்சில்லுகள் மணலில் சும்மா சுற்றின. பெட்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. கொழுவியிருந்த முன்பக்கம் மெஷினையே மேலே தூக்கப் பார்த்தது. பெட்டி ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளைகள் வீரிட்டார்கள். "மாமா, பிள்ளைகளை இறக்குங்க!" என்று மருமகள் கத்திய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. சாரதி மெஷினை நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அல்லாஹ் காத்தான்.

சாரதி அறுபது வயதைத் தாண்டியவர். வாலிபத்தில் மாட்டு வண்டில் ஓட்டியவர். கோபப்படாமல் சொன்னார்: "மௌலவி, இது பின்பாரம். வண்டில் காலத்தில் பின்பாரம் ஏற்றினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தி மாடு படுத்துவிடும். அச்சுக்கு நேரே ஏற்றி, கொஞ்சம் மட்டும் முன்னுக்குச் சாய விட வேண்டும்."

"காக்கா, ஏற்றும்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பது?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

சாமானை இறக்கி மாற்றி ஏற்றினோம். அரிசி மூட்டைகள் அச்சுக்குச் சற்று முன்னால் அடித்தட்டில் போயின. அலுமாரியை நடுவில் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினோம். பாயும் தலையணையும் பின்னால் போயின. பிள்ளைகளை எங்களோடு ஏற்றிக்கொண்டோம். அதே மதகில் அதே மெஷின் இலேசாக ஏறிப் போனது. சாமானின் பாரம் ஒரு இறாத்தலும் குறையவில்லை, இடம்தான் மாறியது.

மச்சான் மெல்பேனில் குடியிருப்பவர். அங்கே குடும்பங்கள் விடுமுறைக்குப் போகும்போது கட்டிலும் அடுப்பும் உள்ள சிறு வீடு ஒன்றையே காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்வார்களாம். கரவான் என்பது அதன் பெயர். அன்று மாலை பிளேன்டீ குடித்துக்கொண்டே மச்சான் விளக்கினார். கரவானின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுவும் இடத்தில் அழுத்த வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. 2000 கிலோ என்றால் 200 கிலோ. குறைந்தால் கரவான் பாம்பைப் போல் வாலாட்டும்.

அந்த 200 கிலோவும் காரின் பின்சில்லுக்கு அப்பால் அல்லவா தொங்குகிறது? காரின் முன், பின் சில்லுகளுக்கு இடையே 3 மீற்றர், பின்சில்லுக்கும் கொழுவிக்கும் இடையே 1.2 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், பின்சில்லுகளில் 280 கிலோ ஏறும். முன்சில்லுகளில் 80 கிலோ குறையும். முன்சில்லு இலேசானால் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் பலவீனமாகும். இதைச் சரிசெய்ய, கொழுவியிலிருந்து பின்னோக்கி இரண்டு வில் கம்பிகளைப் பூட்டிச் சங்கிலியால் இழுத்துக் கட்டுவார்கள். அவை நெம்புகோலாக நின்று, பாரத்தில் ஒரு பகுதியைக் காரின் முன்சில்லுகளுக்கும் இன்னொரு பகுதியைக் கரவானின் சில்லுகளுக்கும் பகிர்ந்துவிடும்.

"அப்படியானால் அதைப் பூட்டினால் போதுமே?" என்றேன்.

"இல்லை மச்சான். பின்பாரமாக ஏற்றிய கரவானை அந்தக் கம்பி திருத்தாது. இன்னொன்று, அது தார் வீதிக்குத்தான் நல்லது. கரடுமுரடான காட்டுப் பாதைக்கென்று எல்லாப் பக்கமும் புரளும் கொழுவி இருக்கிறது. கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது மடங்கிக் கொடுக்கும். வில் கம்பியோ மடங்க விடாமல் விறைக்கும்; காரின் பின்பக்கத்தைத் தூக்கிச் சில்லைச் சுற்ற வைக்கும்; சட்டத்தையும் முறுக்கும். அதனால் அப்படிப்பட்ட இடத்தில் கம்பியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போவோம். கொழுவி செய்தவரும் கார் செய்தவரும் அனுமதிக்காவிட்டால் அந்தக் கம்பியைப் பூட்டவே கூடாது."

மெல்பேன் கரவானும் மூதூர் வண்டிலும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கை இறக்கி இலேசாகும் பெரிய கப்பலும், சமநிலைக்காகக் கடல்நீரைத் தன் அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொண்டுதான் புறப்படுகிறது. சூரத்துர் ரஹ்மானில் வானத்தின் உயர்வைச் சொன்ன அல்லாஹ், அதனோடு மீஸான் என்னும் தராசையும் சொல்கிறான். கடைத் தராசை மட்டும் நினைத்து அதை ஓதிக் கொடுத்து வந்த எனக்கு, அந்த மதகடியில் அதன் விரிவு விளங்கியது.

அன்புச் சகோதரிகளே, குடிமாறும்போது சாமானைக் கட்டி எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். கனமானது அடியில், அச்சுக்கு அருகில், சற்று முன்னால் இருக்கட்டும். இலேசானது மேலே இருக்கட்டும். புறப்படுமுன் பக்கத்தில் நின்று பெட்டி சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். கொழுவியின் ஆணிக்குப் பூட்டு ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, சாமான் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை இழந்த மண் இது. பிரயாணத்தில் பிள்ளையின் உயிர் எவ்வளவு பெரிய அமானிதம் என்பதை இந்த ஊர்த் தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை மாணவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்று நான் துஆவை ஓதினேன், ஒட்டகத்தைக் கட்டவில்லை. அறிந்தவரிடம் கேட்கவுமில்லை. வண்டில்காரக் காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிள்ளைகள் அழுதிருக்க மாட்டார்கள்.

நம் பிரயாணங்களையும் நாம் சுமக்கும் பொறுப்புகளையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.