ஊர் வழக்கம்

காவிரி பாயும் சீர்காழி வட்டாரத்தில் பிறந்தவன் நான். நடவுக் காலத்தில் சேற்றில் வரிசையாகக் குனிந்து நாற்று நட்ட பெண்களுள் என் அன்னையும் ஒருவர். மாலையில் கூலி நெல் அளக்கும்போது ஆண்களுக்கு ஓரளவும் பெண்களுக்கு அதனினும் குறைந்த அளவும் இருந்தன. "ஏனம்மா?" என்று கேட்டேன். "ஊர் வழக்கம் தம்பி" என்று கூறி, நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டார்.

கற்றேன், ஆசிரியனானேன். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்று அரசியலமைப்பின் 39ஆம் கூறு பகர்வதையும், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தையும் மாணவர்க்கு எடுத்துரைத்தேன். தஞ்சைத் தரணியில் உழைப்போர்க்குக் காப்பு எளிதில் வரவில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கூலிப் பூசல் முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின; அதன் பின்னரே 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் மேடைகளில் உருக்கமாகப் பேசினேன்.

பின்னர் வீடு கட்டத் தொடங்கினேன். சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் வேளை. கலவை சுமந்த ஆணுக்கு ஒரு தொகையும், அதே கலவையை அதே சாரத்தில் ஏற்றிய பெண்ணுக்குக் குறைந்த தொகையும் கூறினார் கொத்தனார். "சித்தாள் கூலி அவ்வளவுதான் சார். ஊர் வழக்கம்" என்றார். நான் மறுக்கவில்லை, எண்ணிக் கொடுத்தேன். அந்த அம்மையார் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பம்பாயில் கப்பல் தொழில் சார்ந்த நிறுவனமொன்றின் மீது பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நினைவுக்கு வந்தது. ஊழியர்களோடு செய்துகொண்ட உடன்பாடும், நிறுவனத்தின் பண நெருக்கடியும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக் காரணமாகா என்பது அத்தீர்ப்பு. கையொப்பமிட்ட உடன்பாடே செல்லாதெனில், எழுதாத வழக்கம் எம்மாத்திரம்?

மறு வாரம் விடுபட்ட தொகையையும் சேர்த்துக் கொடுத்தேன். "கணக்குத் தப்பாப் போச்சா சார்?" என்று அவர் அஞ்சிக் கேட்டார். "ஆமாம்மா, சென்ற வாரம் தப்பாகிவிட்டது" என்றேன்.

அன்றைய சம ஊதியச் சட்டம் இன்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது, நெறி மாறவில்லை. ஆயினும் நாளைய வேலை போய்விடுமே என்று அஞ்சுவோர் சட்டத்தின் வாயிலைத் தட்டுவது அரிது. ஆதலின், அன்பு மாணவர்களே, நாளை நீங்கள் கூலி கொடுக்கும் நிலைக்கு உயரும்போது, அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள்.