மேற்கண்டது எது?

இலக்கியம் பேச இங்கே கூடும் எங்களில் சிலருக்குப் பிழைப்பு மென்பொருள் துறையில். பகலில் நாங்கள் படிப்பவை கதைகளல்ல, தேவை ஆவணங்கள். ஓர் இயந்திரம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று அதை வாங்குவோர் எழுதித் தரும் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவற்றைப் படிப்பதற்கும் மாலையில் நாங்கள் இங்கே செய்வதற்கும் தூரம் அதிகமில்லை என்பது எங்கள் அனுபவம்.

டோர்ஸ் போன்ற தேவை மேலாண்மை மென்பொருளில் ஆவணம் ஒரே நீளப் பிரதியாக இருப்பதில்லை. ஒவ்வொரு தேவையும் தனி உருப்படி. அதற்கென்று ஒரு நிலையான எண் உண்டு. தொகுப்புக்குள் அதனை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் அந்த எண் மாறாது. வடிவமைப்பும் சோதனையும் அந்த உருப்படியோடுதான் இணைக்கப்படுகின்றன. ரயிலோ விமானமோ மருத்துவக் கருவியோ, இன்ன தேவை இன்ன சோதனையால் சரிபார்க்கப்பட்டது என்று காட்ட இவ்விணைப்புகளே சான்று.

பழைய ஆவணங்கள் பல வெற்று உரைக்கோப்புகளாகவே வந்து சேரும். அவற்றில் தலைப்புப் பாணி இல்லை, அட்டவணை இல்லை. எழுத்தும் இடைவெளியும் வரிமுடிவும்தான் உண்டு. உள்ளிடும்போது மென்பொருள் வரிமுடிவையோ வெற்று வரியையோ எல்லையாகக் கொண்டு வெட்டிக்கொண்டே போகும். எழுபது எழுத்துக்கு ஒருமுறை வரியை முறித்துத் தட்டச்சு செய்த கோப்பானால் ஒரு வாக்கியம் மூன்று உருப்படிகளாகச் சிதறக்கூடும். இவை கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். சிறு நிரல் ஒன்றால் சீர்செய்துவிடலாம். தெரியாத கோளாறு வேறு.

ரயில்பெட்டிக் கதவு குறித்த ஆவணம் ஒன்று எங்களிடம் வந்தது. அதன் ஒரு பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வண்டி நிலையத்தில் நின்றபின் ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் கதவுகள் திறக்க வேண்டும். அடுத்த பத்தி: மேற்கண்டது நடைமேடை இல்லாத பக்கத்துக்குப் பொருந்தாது.

தாளில் படிப்பவருக்கு ஐயமில்லை. உள்ளிட்டபின் இவை இரண்டு உருப்படிகள். பின்னதில் 'வேண்டும்' என்னும் கட்டளைச்சொல் இல்லை. ஆகவே அது வெறும் குறிப்பு என்று தரம்பிரிக்கப்படலாம். தேவைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் சோதனையாளரின் திரையில் முதலாவது மட்டுமே நிற்கும். அவர் எழுதும் சோதனையில் இருபுறக் கதவுகளும் திறக்கும். தேர்ச்சி என்று பச்சை விழும். மறுபுறம் இருப்பது தண்டவாளம்.

எங்கள் குழுவின் மூத்த தோழி ஒருவர் உள்ளிடுவதற்கு முன்பே கோப்பை அச்சிட்டு, 'மேற்கண்ட', 'பின்வரும்', 'இது' என்ற சொற்களையெல்லாம் வட்டமிட்டார். எது மேற்கண்டது என்று ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரிடம் கேட்டு, பெயர் சொல்லி எழுதி வாங்கினார். ஒரு வாரம் ஆயிற்று. "உள்ளிட அரை நிமிடம்தானே அம்மா?" என்றார் மேலாளர். "வெட்ட அரை நிமிடம்தான் சார். எங்கே வெட்டுவது என்பதற்குத்தான் ஒரு வாரம்" என்றார் இவர்.

அந்தப் பதிலைக் கேட்டபோது எங்களுக்கு உரையாசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள். தொல்காப்பிய நூற்பாக்களை அவர்கள் எல்லாரும் ஒன்றுபோலப் பிரிக்கவில்லை. எண்ணிக்கையே உரைக்கு உரை வேறுபடும். முன் நூற்பாவின் சொல் பின்னதிலும் வந்து பொருள் தருவதை 'அதிகாரத்தால் வந்தது' என்று அவர்கள் எடுத்துச் சொல்வார்கள். தனித்து நிறுத்தினால் எந்த வாக்கியம் ஊமையாகும் என்று அறிந்திருந்தவர்கள். வெற்று உரைக்கோப்புக்கும் அப்படி ஓர் உரைகாரர் தேவைப்படுகிறார்.

அவசரம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உரைக்கோப்பில் உருப்படிகளின் எண் இல்லை. வாடிக்கையாளர் திருத்திய கோப்பை மறுபடி உள்ளிட்டால், மாறாத வாக்கியங்களும் புதிய உருப்படிகளாய்ப் புதிய எண்ணோடு வரும். பழைய இணைப்புகள் பழைய உருப்படிகளோடு நின்றுவிடும். ஆகவே முதல்முறை எங்கே வெட்டினோமோ, அந்த வெட்டோடுதான் பெரும்பாலும் காலம் தள்ள வேண்டும். வாக்கியங்களைப் பிரித்துத் தரும் மொழி மாதிரிகள் இன்று வந்துவிட்டன. நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆயினும் அச்சிட்ட தாளையும் பேனாவையும் விடவில்லை.

தோழி கேட்டு வாங்கிய திருத்தங்களில் ஒன்று, நடைமேடை இல்லாத பக்கத்துக் கதவு எந்நிலையிலும் திறக்கக் கூடாது என்பது. இப்போது அது தனித் தேவை. தனி எண், தனிச் சோதனை. இத்தொழிலில் இருக்கும் நண்பர்கள் தங்கள் 'மேற்கண்டது'களைப் பற்றி எழுதினால் மகிழ்வோம்.