இருட்டு விழ வேண்டிய நொடி

கேம்பிரிட்ஜ் பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள ஏ.டி.சி. தியேட்டருக்குள் நான் நுழைந்தபோது, சிரிப்பு நிகழ்ச்சி தயாராகும் இடம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. ஏணிமேல் நின்று ஒருவர் விளக்கைத் திருகிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நாற்காலி போடவேண்டிய இடங்களுக்குத் தரையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் மாணவர்கள். மறுநாள் காலை வகுப்புக்கும் போகவேண்டியவர்கள்.

நிகழ்ச்சியைத் தயாரிப்பது கேம்பிரிட்ஜ் மாணவர்களின் நகைச்சுவைக் குழுவான ஃபுட்லைட்ஸ். அது 1883-இல் தொடங்கியது. ஜான் கிளீஸ், எரிக் ஐடில், ஸ்டீஃபன் ஃப்ரை, எம்மா தாம்சன் எல்லாரும் இங்கே பழகியவர்கள்தான். அந்தப் பெயர்களைச் சொன்னால் இப்போதைய மாணவர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அதுவே சரி.

என்னைக் கட்டிப்போட்டவர் ஸ்டேஜ் மேனேஜர் பெண்தான். காதில் ஹெட்செட், மடியில் ஸ்கிரிப்ட். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். அவர் ‘ஸ்டாண்ட்பை’ என்றால் விளக்குப் பலகையில் இருப்பவரின் விரல் பொத்தான்மேல் போய் நிற்கும். ‘கோ’ என்றால்தான் அழுத்தும். ஒவ்வொரு ஸ்கெட்சின், அதாவது குட்டி நகைச்சுவைக் காட்சியின், முடிவிலும் மேடை சட்டென்று இருள வேண்டும். கொஞ்சம் முந்தினால் கடைசிச் சொல் அடிபட்டுப்போகும். பிந்தினால் நடிகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பார்கள், கிளம்பிய சிரிப்பும் வடிந்துவிடும். ஒத்திகையில் சிரிக்கவோ ஆளில்லை. வராத சிரிப்பை ஊகித்து அவர் ‘கோ’ சொல்லிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வரும் அமைச்சர் ஒருவரைப் பற்றி ஒரு ஸ்கெட்ச். யாரிடம், எதற்காக என்பதை மட்டும் சொல்லாமல் பக்கம் பக்கமாக வாசிப்பார். ‘ஸ்மோக்கர்’ என்று அவர்கள் சொல்லும் பின்னிரவு நிகழ்ச்சியில் முதலில் போட்டுப் பார்த்தார்களாம். அங்கே புதுச் சரக்கு எதையும் இறக்கலாம். எடுபடாதது அங்கேயே செத்துவிடும். அமைச்சர் ஸ்கெட்சுக்கோ சிரிப்பு கடைசி வரிக்கு வராமல் அதற்கு முந்தின வரிக்கே வந்துவிட்டது. எழுதிய பையன் தன் கடைசி வரியை, அவனுக்கு மிகப் பிடித்த வரியை, அடித்துவிட்டு இருட்டை ஒரு வரி முன்னால் நகர்த்தினான். முகம் மட்டும் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது. எழுத்துப் பட்டறைகளில் நாள் முழுக்கப் பேசியும் சொல்லித்தர முடியாத பாடம் இது.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு: ஆட்சியில் இருப்பவரைச் சீண்டுவது குறைந்துவிட்டது. 1960-இல் எடின்பரோவில் அரங்கேறிய ‘பியாண்ட் த ஃப்ரிஞ்ச்’ நிகழ்ச்சியில், இதே குழுவிலிருந்து போன பீட்டர் குக் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனைப் போலவே பேசிக்காட்டினார். பின்னர் லண்டனில் பிரதமரே பார்க்க வந்து உட்கார்ந்தபோது, ஸ்கிரிப்டில் இல்லாததையும் சேர்த்து அவரை வாரினார். அந்தக் காலத்தில் அங்கே மேடை நாடகங்களுக்கு அரண்மனை அதிகாரியின் முன்தணிக்கை இருந்தது. 1968-இல்தான் அது ஒழிந்தது. நம் நாட்டுக்கு 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தவர்கள் சொந்த ஊரிலும் நாடகத்தைச் சும்மா விடவில்லை என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

ஒத்திகைக்குப் பின் நான் பார்த்த நிகழ்ச்சிக்கு எந்தத் தணிக்கையும் இல்லை. இருந்தும் பாதிக்குமேல் அறைத்தோழர் சண்டை, வேலை நேர்காணல், காதல் குழப்பம். நடிப்பில் பழுதில்லை, நானும் வாய்விட்டுத்தான் சிரித்தேன். ஆட்சியில் இருப்பவரைச் சீண்டியது அமைச்சர் ஸ்கெட்ச் ஒன்றுதான். அதை இரண்டாம் பாதியின் நடுவில் செருகியிருந்தார்கள், அறைத்தோழர் சண்டைக்குக் கைதட்டல் அதிகம் என்பதற்காக. என்னைக் கேட்டால் அமைச்சரைத்தான் முதலில் மேடையேற்றியிருப்பேன்.